எந்த என்ஜின்? ஸ்கம் சொல்லும் பழைய கதை

பாயிண்ட் அண்ட் கிளிக் அட்வென்ச்சர் கேம் ஒன்றைத் தமிழில் செய்யவேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. என்ஜின் தேட ஆரம்பித்தால் யூனிட்டியில் இது உண்டு, கோடோவில் அது இல்லை என்று வசதிப் பட்டியல்களாகத்தான் கிடைக்கின்றன. சரி, இந்த வகை கேம்களின் பழைய என்ஜின்கள் என்ன ஆயின என்று பார்க்கலாமே என்று அந்தப் பக்கம் போனேன்.

1987ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட மேனியாக் மேன்ஷனில் இருந்து தொடங்கலாம். ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியின் மாளிகை. டேவ் என்ற பையனோடு இன்னும் ஆறு பேரில் இருவரை நாம் தேர்ந்தெடுக்கவேண்டும். யாரைத் தேர்ந்தெடுத்தோம் என்பதைப் பொறுத்துப் புதிர்களைத் தீர்க்கும் வழியும் மாறும். ரான் கில்பர்ட் இதை கமடோர் 64க்காக அசெம்ப்ளியில்தான் எழுத ஆரம்பித்தார். இத்தனை கிளைகள் உள்ள கதையை 64 கேபி நினைவகத்தில், அசெம்ப்ளியில் எழுதுவது என்றால் நினைத்துப் பாருங்கள்! கட்டுப்படியாகாது. சக நிரல் எழுத்தாளர் சிப் மார்னிங்ஸ்டார் உதவ, இந்த கேமுக்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் மொழி பிறந்தது. அதுதான் ஸ்கம். மேனியாக் மேன்ஷனுக்கான ஸ்கிரிப்ட் உருவாக்கும் கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அழுக்கு நுரை என்று பொருள். குசும்பு பிடித்தவர்கள்.

கதை, புதிர், வசனம் எல்லாம் ஸ்கிரிப்டில் இருக்கும். அது பைட்கோடாக மாறும். அதைப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டர் மட்டும் ஒவ்வொரு கணினிக்கும் தனியாக எழுதப்படும். கில்பர்ட்தான் முதலில் யோசித்தார் என்று சொல்லமுடியாது. ஸார்க்கைப் பல கணினிகளில் ஓட்ட இன்ஃபோகாம் 1979லேயே இசட்-மெஷின் செய்துவிட்டது. ஆனால் படத்தில் கிளிக் செய்து ஆடும் கேம்களில் இதை வைத்துப் பத்து வருடம் ஓட்டியது ஸ்கம். 1997ல் வந்த தி கர்ஸ் ஆஃப் மங்கி ஐலண்ட் வரைக்கும் அதுதான்.

நிறுவனம் கைவிட்ட பிறகுதான் சுவாரசியமே. 2001ல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் என்ற ஸ்வீடன்காரர் ஸ்கம்விஎம்மைத் தொடங்கினார். ஆமாம், பின்னாளில் மியூடாரண்ட் எழுதிய அதே ஆள். பைட்கோட் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்து ஒரு புது இன்டர்ப்ரெட்டரை எழுதினால் போதும், கேம் கோப்புகளில் கை வைக்கவே வேண்டாம். டாஸ் காலத்து கேம் இன்று ஆண்ட்ராய்டு போனில் ஓடுவது இதனால்தான்.

ஸ்கம்மை விட்டு விலகி 1998ல் முப்பரிமாணத்தில் வந்த கிரிம் ஃபாண்டாங்கோவுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. அதற்காக ரெசிடுவல் என்று தனித் திட்டமே தேவைப்பட்டது. அது ஸ்கம்விஎம்மோடு சேர்ந்து, 2021ல் 2.5.0 பதிப்பில்தான் அந்த கேம் உள்ளே வந்தது. அதே பதிப்பில் ஏஜிஎஸ் கேம்களும் வந்தன. கிறிஸ் ஜோன்ஸ் 1997ல் தனியாளாகத் தொடங்கிய ஏஜிஎஸ்ஸின் மூல நிரல் 2011க்குள் திறந்துவிடப்பட்டிருந்தது. பூட்டிய பெட்டியை உடைக்கும் வேலை அங்கே இல்லை.

இதையெல்லாம் பார்த்தபின் என் பட்டியல் சுருங்கிவிட்டது. 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, மறு வருடம் வாபஸ் வாங்கியது. வாபஸ் வாங்கினாலும் சாவி அவர்கள் கையில்தானே? மூல நிரல் திறந்திருப்பவை ஏஜிஎஸ்ஸும் கோடோவும். கோடோ 4ல் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் 'கொ' எழுதினால் கொம்பும் காலும் ககரத்தின் இரண்டு பக்கமும் ஒழுங்காக விழும். முதல் அறையை அதில்தான் கட்டப்போகிறேன். வசனங்களையும் புதிர்களையும் மட்டும் என்ஜினுக்கு வெளியே, தனி எழுத்துக் கோப்புகளில் வைக்கிறேன்.