மெழுகைத் தாண்டிய விஷம்

தாமரை இலைத் தண்ணீர் மாதிரி என்று சொல்கிறோமே, அங்கே ஏன் தண்ணீர் ஒட்டுவதில்லை? இலைமேல் மெழுகு இருக்கிறது. தாமரைக்குக் கொஞ்சம் தாராளம். மற்றபடி அநேகமாக எல்லாச் செடிகளின் இலைகளுக்கும் இந்த மழைக்கோட்டு உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வீணாகாது. வெளியே கிடக்கிற கண்டதும் உள்ளே நுழையாது.

இந்தக் கோட்டுக்குள் எப்படிப் புகுவது என்று மனிதன் கண்டுபிடித்த கதைதான் இது.

இரண்டாம் உலகப் போர் சமயம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ரகசியமாக ஓர் ஆராய்ச்சி. செடியின் வளர்ச்சியைக் கவனித்துக்கொள்ளும் ஹார்மோனுக்கு ஆக்ஸின் என்று பெயர். ஆக்ஸின் மாதிரியே வேஷம் போடும் ரசாயனங்களைச் செய்தார்கள். அது உள்ளே போனால் செடி தாறுமாறாக வளரும், முறுக்கிக்கொள்ளும், செத்துப்போகும். அப்படி வந்த 2,4-டி, 1945-ல் அமெரிக்காவில் களைக்கொல்லியாகக் கடைக்கே வந்துவிட்டது. அதன் தம்பி 2,4,5-டி. தமிழில் இரண்டும் 'டி'தான். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, சரக்கும் வேறு.

மருந்தெல்லாம் பிரமாதம். உள்ளே போகவேண்டுமே? தண்ணீரில் கலந்து அடித்தால் துளித்துளியாக உருண்டு ஓடும். தப்பித்தவறி நின்றாலும் காய்ந்துவிடும். மழை வந்தால் போச்சு.

விடை உங்கள் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீருக்கு அசைந்துகொடுக்குமா? இலை மெழுகும் அந்த ஜாதிதான். எண்ணெயோடுதான் அதற்கு ஒத்துப்போகும். எண்ணெய் உருளாது, பரவும். சீக்கிரம் காயாது. மெழுகை இளக்கி வழி பண்ணும். ஆகவே மருந்தையே எஸ்டர் என்கிற எண்ணெய்த்தன்மை உள்ள வடிவத்துக்கு மாற்றினார்கள். புதர்களை ஒழிக்க டீசலில் கலந்தும் அடித்தார்கள். உள்ளே போனபிறகு செடியே எஸ்டரை உடைத்து, தன்னைக் கொல்லும் அமிலமாக மாற்றிக்கொள்ளும்! தனக்குத்தானே குழி.

இதுவரை விவசாயம். இனி யுத்தம்.

வியட்நாம் காட்டுக்குள் மறைந்திருந்த கெரில்லாக்களை அமெரிக்காவால் பார்க்க முடியவில்லை. சரி, காட்டையே மொட்டையடித்துவிட்டால்? 1962-ல் 'ஆபரேஷன் ராஞ்ச் ஹாண்ட்' ஆரம்பமானது. ஸி-123 விமானங்கள் மரங்களுக்குச் சற்று மேலே பறந்து மருந்தைத் தெளித்தன. நெல் வயல்களுக்குத் தண்ணீரில் கரையும் 'ப்ளூ'. காட்டுக்கு முக்கியமாக 'ஆரஞ்ச்'. பீப்பாயில் போட்டிருந்த பட்டையின் நிறம்தான் பெயர். அண்ணனும் தம்பியும் பாதிக்குப் பாதி, எஸ்டர் வடிவில். தண்ணீரில் கரையாது. கலக்காமல் அப்படியே தெளித்தார்கள். சில வாரங்களில் இலைகள் கொட்டின. 1971-க்குள் தெளித்த எல்லா ரகங்களையும் சேர்த்தால் 7 கோடி லிட்டருக்கு மேல்.

ஆனால் தம்பியைத் தயாரிக்கும்போது கூடவே ஒரு கழிவு உருவாகியிருந்தது. டையாக்சின். அதுவும் எண்ணெயோடு சேர்கிற ஜாதிதான். தண்ணீரில் கரையாது, சேற்றில் தங்கும். சேற்றிலிருந்து மீனுக்கு, வாத்துக்கு, அதைச் சாப்பிட்ட மனிதனின் கொழுப்புக்கு. அங்கே பாதியாகக் குறையவே 7 முதல் 11 வருடங்கள் ஆகும். தாய்ப்பாலிலும் வந்தது. இலையின் மெழுகுக்கு என்ன நியாயமோ, உடம்பின் கொழுப்புக்கும் அதே நியாயம். 

1970 ஏப்ரலில் ஆரஞ்சை நிறுத்தினார்கள். சுமார் 30 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதாக வியட்நாம் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது. அமெரிக்கா அந்தக் கணக்கை ஏற்கவில்லை. தன்னுடைய சிப்பாய்களுக்கு மட்டும் 1991-ல் சட்டம் போட்டு உதவித்தொகைக்கு வழி செய்தது.

இன்றும் விவசாயிகள் களைக்கொல்லியோடு எண்ணெய் கலக்கிறார்கள். மருந்து வீணாகாது என்பதால் நல்ல யோசனைதான். எண்ணெய் கதவைத் திறக்கும், அவ்வளவுதான். பின்னால் வருவது யார் என்று நாம்தான் பார்க்கவேண்டும்.

பீப்பாய்கள் அடுக்கியிருந்த டா நாங் விமான தளத்து மண்ணைச் சுத்தம் செய்ய 2012 முதல் 2018 வரை ஆனது. பியென் ஹோவாவில் 2019-ல் ஆரம்பித்தது. இன்னும் முடிந்தபாடில்லை.

இலை உதிரச் சில வாரங்கள்தான் ஆயின.