ஹீலா உயிரணுக்கள்: கொடாததைக் கொண்ட வரலாறு

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணம் என்பது தடுப்பூசி வந்தபின் பலரும் அறிந்த செய்தி. அதற்கான சாட்சி ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் முப்பது வருஷத்துக்குமேல் காத்திருந்தது என்பதைச் சிலரே அறிவர்.

அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு 1951-இல் வந்தவர் ஹென்ரியட்டா லாக்ஸ். கறுப்பினத்தவர், ஐந்து பிள்ளைகளின் தாய். சிகிச்சையின்போது கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி ஜார்ஜ் கை என்பாரின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அம்மையாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவரை வளர்த்த மனித உயிரணுக்கள் எல்லாம் விரைவில் மடிந்தன. இவையோ நாளுக்கொருமுறை இரட்டித்தன. பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஹீலா’ என்று சீட்டு ஒட்டினார்கள். அக்டோபர் 4 அன்று, 31 வயதில் அவர் காலமானார். கை அந்த அணுக்களைக் கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுத்தார். விற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

1966-இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு பெயரில் வழங்கிய 18 உயிரணு வரிசைகளைச் சோதித்து, அத்தனையும் ஹீலாவே என்று அறிவித்தார். சீட்டு ஒன்று, சரக்கு வேறு! வியாபாரியான எனக்குக் கலப்படம் புதிதல்ல. ஆனால் இங்கே யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரே உறிஞ்சுகுழல் இரண்டு குப்பியைத் தொட்டால் போதும். வேகமாகப் பெருகுவது மற்றதற்கு இடமில்லாமல் செய்துவிடும்.

அக்காலத்தில் பலரும் ஹெர்ப்பிஸ் வைரஸையே சந்தேகித்தார்கள். ஜெர்மனியின் ஹரால்ட் சுர் ஹௌசன் மட்டும் மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் இனத்தில் தேடினார். அவர் குழு 1983-இல் 16-ஆம் வகையையும், 1984-இல் 18-ஆம் வகையையும் பிரித்தெடுத்தது. ஹீலாவுக்குள்ளேயே 18 இருந்தது! சிஹா என்ற வரிசையில் 16-ஆம் வகையின் ஓரிரு படிகள், காஸ்கியில் சுமார் 600, சி33ஏ-யில் ஒன்றுமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வேறென்ன வேண்டும்? வைரஸின் இ6 புரதம், உயிரணுவின் காவலான பி53-ஐ அழிக்கிறது. இ7, ஆர்பி என்ற இன்னொரு காவலை முடக்குகிறது. இவ்விரண்டையும் அடக்கியதும் ஹீலாவின் பெருக்கம் நின்றுபோனதை 2000-இல் காட்டினார்கள். சுர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்.

எங்கள் சமணத்தில் ‘அதத்தாதானம்’ என்றொரு சொல் உண்டு. கொடுக்காததை எடுப்பது என்று பொருள். பூட்டை உடைப்பது மட்டும் களவல்ல. வெகுகாலம் ‘ஹெலன் லேன்’ என்ற பொய்ப்பெயரே உலவியது. தாயின் அணுக்கள் உயிரோடிருப்பது பிள்ளைகளுக்குத் தெரியவந்ததே 1973 வாக்கில்தான். அவற்றை விற்றுவந்த தெர்மோ ஃபிஷர் நிறுவனம் 2023 ஆகஸ்டில் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. எவ்வளவு கொடுத்தார்கள் என்று வெளியே சொல்லவில்லை.