இலவச நீதியும் வாசல் கட்டணமும்

கடவுள் முன் மனிதன் நீதிமானாக நிற்பது அவன் செய்த நற்கிரியைகளின் பலனல்ல, கிருபையாகக் கிடைக்கும் கொடை என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் மையப் போதனை. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் இதைக் கணக்கு வழக்கின் மொழியில் விளக்குகிறார். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுப்பது கடனைத் தீர்ப்பது. அதில் தயவு எதுவும் இல்லை. நீதியோ, சம்பாதிக்காதவன் பேரிலும் வரவு வைக்கப்படுகிறது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் முதல் ரப்பர் தோட்டத்தைப் போட்ட பிறகு, கங்காணிகள் வழியே இந்த மாநிலத்துக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் அப்படியொரு கணக்குக்குள்தான் வாழ்ந்தார்கள். விடியுமுன் ஆளெண்ணும் பெரட்டுக்கு நின்று, தோட்டக் கணக்கரான கிராணியின் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் விழுந்தால்தான் அன்றைய கூலி. அவர்களுக்குப் பவுலின் வாதம் புரிவது கடினமாக இருந்திருக்காது. ஆனால் வரலாறு கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீதி இலவசம் என்று அறிவித்த சபைகள், உள்ளே வருபவரிடம் வாசலில் எதைக் கேட்டன?

மலாக்காவுக்கு இந்தப் போதனை ஒரு சண்டையோடுதான் வந்தது. முத்துக்குளித்துறையில் தமிழில் மந்திரங்களைக் கற்பித்த சவேரியார் 1545இன் கடைசி மாதங்களில் இங்கே தங்கியிருந்தார். அதே டிசம்பரில் ஐரோப்பாவில் திரெந்து பொதுச்சங்கம் கூடியது. கிருபை மட்டுமே, விசுவாசம் மட்டுமே என்று போதித்த லூத்தருக்கு 1547 ஜனவரியில் தன் பதிலைச் சொன்னது. தொடக்கம் முழுக்க அருளே என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. அந்த அருளோடு மனிதன் ஒத்துழைக்கிறானா, அவனுடைய நற்செயல்கள் நீதியை வளர்க்கின்றனவா என்பதில்தான் பிளவு. 1641இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்ததும் இந்த இறையியல் பிளவு ஆட்சியின் கொள்கையானது. கத்தோலிக்க வழிபாடு ஒடுக்கப்பட்டது. தூய பேதுரு ஆலயம் எழ 1710 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ‘கிருபை மட்டுமே’ என்ற அதே டச்சு சபை யாழ்ப்பாணத்தில் ஞானஸ்நானத்தை அரசுப் பதவிக்கான தகுதியாக்கியது. பதிவேட்டில் கிறிஸ்தவர்கள் பெருகினார்கள். ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயத்தை நீக்கியதும் பெரும்பாலோர் பழைய சமயத்துக்கே திரும்பினார்கள். கொடைக்கு விலை வைத்தால் அதை வாங்குகிறவர் விலைக்காகவே வாங்குவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

டச்சுக்காரர்கள் 1753இல் மலாக்காவில் கட்டி முடித்த தேவாலயத்தை 1838இல் ஆங்கிலிக்கன் முறைப்படி மறுபடியும் பிரதிஷ்டை செய்து, கிறிஸ்து ஆலயம் என்று பெயரிட்டவர் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன். மேலே ஒட்டில்லாத நீண்ட உத்திரங்கள், கீழே தரையில் பதித்த கல்லறைக் கற்கள், பலிபீடத்துக்கு மேல் பளபளப்பு ஓடுகளில் தீட்டிய இயேசுவின் கடைசி இராப்போஜனம். ஒரே பந்தியைக் காட்டும் அந்தச் சித்திரம் இருக்கும் ஆலயத்துக்கு வந்த இதே வில்சன், அதற்கு ஐந்தாண்டு முன்புதான் தமிழ்க் கிறிஸ்தவர்களைக் கொந்தளிக்க வைத்திருந்தார். தஞ்சை, திருச்சி சபைகளில் சாதிவாரியாக இருக்கை தனி. இராப்போஜனத்தில் முதலில் யார், பிறகு யார் என்ற வரிசையும் உண்டு. சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் வில்சன் உத்தரவிட்டார். தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினார்கள். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: ஒடுக்கப்பட்ட சாதியார் சமைத்த உணவை உண்ண மறுப்பவர் சாதியை விட்டவர் ஆகமாட்டார் என்றார்கள்.

இதற்கு எதிர்வாதம் லைப்சிக் லூத்தரன் மிஷனிலிருந்து வந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1849 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் சுற்றி, தமிழ் இலக்கியத்திலேயே தோய்ந்தவர். சாதி பெருமளவுக்குச் சமூக வழக்கம். சுவிசேஷம் உள்ளிருந்து மெல்ல அதைக் கரைக்கும். சாப்பாட்டுச் சோதனை வைத்து விசுவாசத்தை அளப்பது கிருபைக்கு மேல் ஒரு நிபந்தனையை ஏற்றுவது என்பதே அந்தத் தரப்பின் நிலை. மலாயாவில் பின்னாளில் வேர்விட்ட தமிழ் லூத்தரன் சபையும் லைப்சிக் மிஷனின் தரங்கம்பாடி மரபில் வந்ததுதான். கிரவுல் தரப்பின் நிலையைச் சாதிக்குச் சாக்கு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. நீதி இலவசம் என்றால் நுழைவுத் தேர்வு எதற்கு என்ற கேள்வி நியாயமானதே.

ஆனால் இந்த வாதத்துக்கு விடை வேதத்திலேயே இருக்கிறது. நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் ஒருவரும் நீதிமானாவதில்லை என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் அடித்துச் சொல்வது எந்தச் சூழலில்? அந்தியோகியாவில் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கிருபையின் போதனை இந்த நிருபத்தில் வாதமாக எழுந்து நிற்பதே யார் யாரோடு உண்பது என்ற தகராறில்தான். தனிப் பந்தி வைப்பவர் தன் பிறப்பைத் தகுதியாகக் காட்டுகிறார்; மற்றவர் எட்ட முடியாத ஒரு நிபந்தனையை அவரே ஏற்றிவிடுகிறார். அப்படியானால் தனிப் பந்தியைத் தடுப்பது புதிய நிபந்தனை ஆகாது, இருந்த ஒன்றை நீக்குவதாகும். வில்சனின் அதிகாரத் தோரணையில் குறை காணலாம். இந்த விஷயத்தில் அவர் பக்கமே பவுல் நிற்கிறார்.

தோட்டங்களில் சாதியை அசைத்தது சபையா என்று கேட்பவர்கள் உண்டு. கங்காணி ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் சேர்த்துக் கொண்டுவந்ததால் சாதியும் கப்பலேறியது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள்கூடச் சில தோட்டங்களில் சாதிப்படி பிரிந்தன. 1929 டிசம்பரில் பெரியார் மலாயா வந்த பிறகு சீர்திருத்தச் சங்கங்கள் எழுப்பிய குரல் எந்தப் பிரசங்கத்தையும்விட உரக்க ஒலித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் போதனை பொய்யாகிவிடாது. சபையின் குற்றம்தான் இன்னும் கனக்கிறது. நன்மை செய்து நீதியைச் சம்பாதிக்கலாம் என்று சொல்லும் மதம் ஏற்றத்தாழ்வுக்கு ஏதாவது ஒரு கணக்குக் காட்டித் தப்பிக்கலாம். எல்லாருமே வெறுங்கையோடு நிற்கிறோம் என்று சொல்லும் சபைக்கு அந்த வழியும் கிடையாது.

அருள் என்றால் அந்நியச் சரக்கு என்பது மற்றொரு ஆட்சேபம். மாசி மகத்தன்று மலாக்காவின் செங் பகுதியிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குத் திரள்பவர்களுக்கு அருளைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. அந்த இந்துக்களின் நடுவில்தான் தமிழ்க் கிறிஸ்தவன் வாழ்கிறான்: 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியரில் 86 விழுக்காட்டினர் இந்துக்கள், கிறிஸ்தவர்கள் சுமார் 6 விழுக்காடு. தாய்ப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போகிறதா, குட்டிக் குரங்கு தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா என்று இறையருளைப் பற்றி வைணவத்தின் தென்கலையும் வடகலையும் நடத்திய விவாதம், திரெந்தும் லூத்தரும் மோதிய அதே முடிச்சைத் தொடுகிறது. ஜெர்மன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்த ஒற்றுமையை ஒரு நூலாகவே எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவன் இந்தக் கேள்வியை வீட்டுக் கேள்வியாகவே எதிர்கொண்டான்.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துகொண்டார்கள். மலாக்காவில் ஒரு காலத்தில் ஆலயக் கதவுகளை மூடவைத்த பிளவு காகிதத்தில் பெருமளவு தீர்ந்துவிட்டது. தமிழ்ச் சபைகளின் கணக்கோ இன்னும் தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிருபையைப் பாடிவிட்டுத் திங்கட்கிழமை சாதி விசாரித்து வரன் தேடும் குடும்பம், பேதுரு அந்தியோகியாவில் செய்ததையே செய்கிறது. அதைக் கண்டிக்காத சபை, நீதி இலவசம் என்று சொல்லும் உரிமையை இழக்கிறது.