புரதமும் அடுப்படியும்: இல்லத்து உணவறிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

போசாக்கின்மை பற்றிய ஆய்வறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் முடிவு ஒன்றுண்டு. குடும்பத்தின் உணவைத் தீர்மானிப்போருக்கு, அதாவது தாய்மாருக்கு, புரதம் பற்றிய அறிவு போதாது என்பதே அது. வினாக்கொத்துடன் வரும் ஆய்வாளர் ‘புரதம் நிறைந்த உணவுகள் யாவை?’ என வினவுகிறார். விடை வராதவிடத்து ‘அறியாமை’ எனக் குறித்துக்கொள்கிறார். பரிந்துரையும் இயல்பாகவே கல்வியூட்டல் என்றாகிவிடுகிறது. இம்முடிவு முற்றிலும் பொய்யென நாம் கூறவில்லை. ஆனால் எதனை அறிவு என்று கொள்வது, தீர்மானிப்பவர் உண்மையில் யார் என்னும் இரு வினாக்களையும் எழுப்பாமலே அது பெறப்படுகிறது. அவற்றை வரலாற்றின் வழியே எழுப்பிப் பார்ப்பதே இங்கு எமது நோக்கமாகும்.

புரதம் பற்றிய விஞ்ஞானம் தொடக்கத்திலிருந்தே சமூகச் சார்பற்றதாக இருந்ததில்லை. பேசெலியசின் ஆலோசனைப்படி முல்டர் என்னும் டச்சு இரசாயனவியலாளர் 1838 இல் வழக்குக்குக் கொண்டுவந்த அக் கிரேக்கவழிச் சொல் ‘முதன்மையானது’ என்னும் பொருளை உட்கொண்டது. பெயரே ஒரு தீர்ப்பாக அமைந்துவிட்டது. உழைப்பாளி ஒருவனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டுமென ஜெர்மனியில் வொயிற் வகுத்த அளவு நெடுங்காலம் கோலோச்சியது. அதில் ஏறக்குறைய அரைவாசியே போதுமென அமெரிக்காவில் சிற்றெண்டென் 1904 இல் எடுத்துக்காட்டியும், பழைய அளவே குடியேற்ற நாடுகளின் மக்களை அளக்கும் கோலாயிற்று. கல்கத்தாவில் உடற்றொழிலியல் பேராசிரியராயிருந்த மக்கே 1912 இல் வெளியிட்ட நூலில், வங்காளியின் உடல்வலிமைக் குறைவையும் ‘போர்க்குணம்’ இன்மையையும் அவனுடைய சோற்றுணவின் புரதக் குறைவோடு இணைத்தார். குன்னூரில் மக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதியினரது உணவுகளை ஊட்டி, சீக்கியர் உணவு மேலானது, மதராசியின் உணவு கீழானது எனக் கண்டார்.

எலிகள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் கோதுமை, பால், பருப்பு, காய்கறி என உண்டவன் பெரும்பாலும் சொந்த நிலமும் மாடும் உடைய விவசாயி. தீட்டிய அரிசியோடு சிறிதளவு புளியும் மிளகாயும் உண்டவன் பெரும்பாலும் நிலமற்ற கூலி. வர்க்க உணவு இன உணவாகப் பெயர் மாற்றம் பெற்றமை மனங்கொள்ளத்தக்கது. இலங்கையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டோர் இவ்விரண்டாம் வகையினரே.

இன்னொரு பெயரின் வரலாறு இதற்கு நேரெதிரானது. இன்று கானா எனப்படும் அன்றைய கோல்ட் கோஸ்ற்றில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் வைத்தியர், உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறக்கும் குழந்தைகளைப் பற்றி 1933 இல் எழுதினார். 1935 இல் அந்நோய்க்கு அவர் வழங்கிய ‘குவாஷியோர்க்கோர்’ என்னும் பெயர் அவர் ஆக்கியதன்று. கா மொழி பேசும் தாய்மார் வழங்கிவந்த சொல் அது. அடுத்த பிள்ளை பிறந்ததும் தாயின் முலையிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். நோயின் காரணம் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. தாய்ப்பால் நீங்கிய குழந்தைக்கு மாப்பண்டமான கூழே எஞ்சுகிறது என்பதை ஆய்வுகூடம் அறிவதற்கு முன்பே தாய்மார் அறிந்திருந்தனர். புரதம் என்ற சொல்லை மட்டும் அவர்கள் அறிந்திருக்கவில்லை.

இக்கண்டுபிடிப்பு பின்னர் பெருநிறுவனங்களின் கைக்கு மாறியது. 1955 இல் புரத ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. 1968 இல் ஐக்கிய நாடுகள் சபை ‘வரவிருக்கும் புரத நெருக்கடி’ பற்றி எச்சரித்தது. மீன்மா, சோயா, அமெரிக்காவின் உபரியான கொழுப்பு நீக்கிய பால்மா ஆகியன தீர்வுகளாக முன்வைக்கப்பட்டன. உபரிக்குச் சந்தை தேவைப்பட்ட காலமும் விஞ்ஞானம் புரதக் குறைவைக் கண்ட காலமும் ஒன்றாயிருந்தமை தற்செயல் என்று நாம் எண்ணவில்லை. 1974 இல் மக்லாரன் இம்முயற்சி முழுவதையும் ‘புரதப் படுதோல்வி’ எனச் சாடினார். அதற்கு முன்பே இந்தியாவில் கோபாலனும் சுகாத்மேயும், வறியோரிடம் காணப்படுவது முதலில் மொத்த உணவின் குறைவே என வாதிட்டிருந்தனர்.

வாதத்தின் சாரம் எளியது. உடலுக்கு வேண்டிய சக்தி மாப்பொருளிலும் கொழுப்பிலுமிருந்து கிடைக்காதபோது, அது புரதத்தை எரித்துச் சக்தியாக்கிக்கொள்கிறது. பஞ்சத்தில் விதைநெல்லைக் குற்றிச் சமைப்பதற்கு ஒப்பானது இது. அரைவயிற்றுக்கு உண்பவனுக்குக் கொடுக்கும் முட்டை தசையாக வளர்வதில்லை. அன்றைய உழைப்பில் எரிந்துபோகிறது.

கணக்கையும் பார்ப்போம். 50 கிலோ நிறையுள்ள பெண் ஒருத்திக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிராம் புரதம் வேண்டும் என்பது இன்றைய மதிப்பீடு. 400 கிராம் அரிசியில் 28 கிராமும் 50 கிராம் பருப்பில் 12 கிராமும் உண்டு. சிறிது நெத்தலிக் கருவாடு சேர்ந்தால் அளவு நிரம்பிவிடும். அரிசியில் குறைவான லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. சோறும் பருப்பும் ஒன்றாக உண்ணப்பட வேண்டும் என்ற விதியை எந்தப் போசணையியலாளரும் எமது பெண்களுக்குக் கற்பிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பூப்பெய்திய பெண்ணுக்கு உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் ஊட்டப்பட்டன. பாலூட்டும் தாய்க்குப் பாற்சுறா சமைத்துக் கொடுக்கப்பட்டது. வளர்ச்சியும் பாற்சுரப்பும் கூடுதல் புரதத்தை வேண்டும் பருவங்களை இவ்வழக்கங்கள் பிழையின்றி இனங்கண்டுள்ளன. இவ்வறிவு பட்டியலாக அன்றிப் பருவமாகவும் சடங்காகவும் கைப்பழக்கமாகவும் பேணப்பட்டது. வினாக்கொத்து இதனைப் பிடிப்பதில்லை.

ஆயினும் மரபு முழுவதையும் போற்றித் துதிக்கும் மனோரதியப் போக்கு எமக்கு உடன்பாடன்று. சூடு, குளிர், வாயு, கிரந்தி என்ற பகுப்புகளின் பேரில் கர்ப்பிணிக்கும் நோயுற்ற குழந்தைக்கும் மீனும் முட்டையும் மறுக்கப்பட்டதுண்டு. வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைக்குக் கஞ்சித்தெளிவு மட்டும் கொடுக்கப்பட்டதுமுண்டு. குழம்பிலுள்ள மீன்துண்டு யாருடைய கோப்பைக்குப் போகிறது என்பதும் மரபே வகுத்ததுதான். ஆண்களுக்குப் பின் பிள்ளைகள், இறுதியில் சட்டியில் எஞ்சியதோடு தாய் என்பது அதன் ஒழுங்கு. சைவ உணவு பற்றிய பெருமிதத்தையும் இவ்விடத்துச் சற்று நோக்கலாம். பாலும் தயிரும் நெய்யும் உழுந்தும் உடைய வீட்டில் மீன் விலக்கு உடலுக்குக் கேடு செய்வதில்லை. அதே ஒழுக்கத்தை மேற்கொள்ளும் நிலமற்றவனுக்கு எஞ்சுவது சோறும் சம்பலுமே.

இனி, தீர்மானிப்பவர் யார்? சமைப்பவரே தீர்மானிப்பவர் எனக் கொள்வது நடுத்தர வர்க்கத்தின் எடுகோளாகும். தோட்டப்பகுதியின் வரலாறு இதனைத் தெளிவாக மறுக்கிறது. இந்தியத் தொழிலாளருக்கான 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம், கூலியோடு நிர்ணயித்த விலையில் அரிசி வழங்குதலையும் இணைத்தது. என்ன தானியம், எந்த அளவில் என்பது துரையின் களஞ்சியத்தில் முடிவாயிற்று. மிகுதி கங்காணியின் கடையிலும் கடனேட்டிலும் முடிவாயிற்று. கொழுந்து பறித்த பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ பெற்றுவரும் வழக்கமும் நீண்டகாலம் நிலவியது. விடிகாலையிலே ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறியவளுக்கு எஞ்சிய தீர்மானம், ரொட்டியோடு சம்பலா வெறுந்தேநீரா என்பதுதான்.

தோட்டத்துக்கு வெளியே பெருந்தீர்மானத்தை அரசு எடுத்தது. 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, எவ்வளவு குறையுடையதாயினும், வறிய வீட்டின் சக்தித் தேவைக்கு ஓர் அடித்தளமிட்டது. கூப்பன் அரிசியின் விலை 1953 இல் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, பாடசாலை மதிய உணவும் நிறுத்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசியின் விலையே பருப்புக்கும் கருவாட்டுக்கும் மீதியாகும் காசை நிர்ணயிக்கிறது என்பதை அன்று வீதிக்கு வந்தோர் நன்கறிந்திருந்தனர். 1973-74 உணவு நெருக்கடியில் பங்கீடு குறைக்கப்பட்டது. 1974 இல் தோட்டப்பகுதிகளின் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக வந்த உணவு முத்திரைகள் ரூபாவிலே குறிக்கப்பட்டவை. பணவீக்கம் சில ஆண்டுகளிலேயே அவற்றின் பெறுமதியை ஏறத்தாழப் பாதியாக்கிற்று. மிக வறிய ஐந்திலொரு பகுதியினரின் கலோரி நுகர்வு வீழ்ந்தது. அவர்களது அறிவு அவ்வாண்டுகளில் குறைந்துவிட்டதாக எவரும் வாதிட முடியாது.

1973 இல் தொடங்கிய திரிபோஷா இவ்வகையில் சுவையான சான்று. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் குழந்தைகளுக்குமென வழங்கப்படும் அச்சோள, சோயா மா, வீட்டில் எல்லோருக்குமாகப் பகிரப்படுகிறது என்பது அதிகாரிகளின் நீண்டகால முறைப்பாடு. அவர்கள் இதனைக் ‘கசிவு’ என்பர். பசித்திருக்கும் மூன்று பிள்ளைகளுள் ஒன்றுக்கு மட்டும் மாவுருண்டை பிடித்துக் கொடுக்க மறுக்கும் தாய், அறியாமையால் அதனைச் செய்யவில்லை. திட்டம் ஓர் உடலை மட்டும் கண்டது. அவள் ஒரு குடும்பத்தைக் காண்கிறாள்.

குன்னூரில் மக்கரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ரொயிட் வகுத்த உணவுத் தேவை அளவு, 1957 இல் இந்தியத் தொழில் மாநாட்டின் குறைந்தபட்ச வேதனக் கணிப்புக்கு அடிப்படையாயிற்று. போசணை அறிவு தாயின் மீது குற்றமாக விழாது முதலாளியின் மீது கோரிக்கையாகத் திரும்பிய அரிய தருணம் அது. இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அவ்வாண்டில் பருப்பும் நெத்தலியும் முட்டையும் பல வீடுகளின் கொள்வனவுப் பட்டியலிலிருந்து மறைந்தன.

எனவே வினாக்கொத்துத் தயாரிப்போர் இன்னும் சில வினாக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமெனப் பரிந்துரைக்கிறோம். இவ்வீட்டில் சம்பளத்தைக் கையேற்பவர் யார்? மாதத்தின் இறுதி வாரத்தில் பருப்பு எந்தக் கடையில், யார் பெயரிலுள்ள கடன் கொப்பியில் வாங்கப்படுகிறது? சென்ற மாதம் முட்டை வாங்குவதை நிறுத்தியது எந்த விலையில்? நேற்றிரவு இறுதியாக உண்டவர் யார், அவருக்கு என்ன எஞ்சியிருந்தது?