கோவில் வாசலில் ஒரு கேள்வி



எரிகோ நகரைவிட்டு இயேசு வெளியேறும் வேளை. வழியோரத்தில் அமர்ந்து பிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார் பார்வையற்ற ஒருவர். திமேயுவின் மகன் பர்த்திமேயு என்று அவருடைய பெயரையும், தந்தையின் பெயரையும் மாற்கு நற்செய்தியாளர் குறித்து வைத்திருக்கிறார். வருவது இயேசு என்று கேள்விப்பட்டதும் அவர் குரலெழுப்புகிறார். சுற்றியிருந்தவர்கள் அவரைப் பேசாதிருக்கச் சொல்லி அதட்டுகிறார்கள். இயேசுவோ நிற்கிறார். அவரை அழைத்துவரச் செய்கிறார். பிறகு, தாம் அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று அவரிடமே கேட்கிறார்.

இரண்டாம் ஆண்டின் பொதுக்கால ஞாயிறுகளில் இந்த நற்செய்தியை வாசிக்கும்போதெல்லாம், நடந்த புதுமையின்மீதே நம் கவனம் செல்கிறது. புதுமைக்கு முன் வந்த அந்தக் கேள்வியை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். பார்வையற்றவர் ஒருவருக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியாதா? ஏன் கேட்கவேண்டும்? ஆனால், அவரிடம் அதுவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வழிப்போக்கர்கள் காசு போட்டார்கள். இல்லையேல் வாயை மூடச் சொன்னார்கள். பார்வையற்ற மனிதர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க உலகம் எத்தனை நூற்றாண்டுகளை எடுத்துக்கொண்டது என்பதை, பாரீஸ் மாநகரின் வரலாற்றிலிருந்து இன்று சிந்திப்போம்.

ஏறத்தாழ 1260ஆம் ஆண்டு, பிரான்ஸ் நாட்டின் அரசர் ஒன்பதாம் லூயி, பார்வையற்ற ஏழைகள் 300 பேருக்காகப் பாரீசில் ஓர் இல்லத்தை நிறுவினார். நாம் புனித லூயி என்று வணங்கும் அதே அரசர்தான். அந்த இல்லத்தின் பெயர் கான்ஸ்-வான். 'பதினைந்து இருபதுகள்' என்பது அதன் பொருள், அதாவது, முந்நூறு. தெருவில் கிடந்தவர்களுக்குக் கூரையும், ஒரு குடும்பம் போன்ற வாழ்வும் அங்கே கிடைத்தன. அந்தக் காலத்திற்கு அது மிகப் பெரிய அறச்செயல். அதைக் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை.

ஆனால், அந்த இல்லத்தினர் பகலில் செய்த வேலை என்ன தெரியுமா? பாரீஸ் தெருக்களில் பிச்சை எடுப்பது. அதற்கு அவர்களுக்கு அரச அனுமதி இருந்தது. பின்னாளில் அரசர் நான்காம் பிலிப்பு, அவர்கள் உடையில் அரச முத்திரையான லில்லி மலரை அணிந்துகொள்ளும் உரிமையையும் கொடுத்தார். மரியாதைக்குரிய அடையாளம்தான். என்றாலும், பார்வையற்றவர் என்றால் கையேந்தவேண்டியவர் என்ற எண்ணத்தை அந்த மலரும் மாற்றவில்லை.

கையேந்துபவரைப் பார்த்து இரக்கப்படும் மக்களே, அவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார்கள். 1425ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பாரீசில் ஒரு வேடிக்கை நடந்ததாக அக்கால நகரவாசி ஒருவர் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பார்வையற்ற நால்வருக்குப் போர்க்கவசம் அணிவித்து, கையில் தடி கொடுத்து, ஒரு பன்றியோடு அடைப்புக்குள் விட்டார்கள். பன்றியை அடித்துக் கொல்பவருக்கே பன்றி பரிசு. பன்றியை அடிப்பதாக நினைத்து, அவர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். சுற்றி நின்ற கூட்டம் அதை ரசித்தது.

முந்நூற்று நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை அதிகம் மாறவில்லை. 1771ஆம் ஆண்டு, பாரீசின் புனித ஒவிட் சந்தையில், பார்வையற்ற இசைக்கலைஞர்கள் சிலருக்குக் கோமாளி உடையும், நீண்ட தொப்பியும், அட்டையில் செய்த பெரிய கண்ணாடியும் மாட்டிவிட்டு, அவர்கள் முன் இசைத்தாள்களையும், அதைப் 'படிக்க' மெழுகுவர்த்தியையும் வைத்து வாசிக்கச் செய்தார்கள். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வாலன்டைன் ஹாய். நெசவாளியின் மகன். மொழிபெயர்ப்பு செய்து பிழைத்துவந்தவர். இந்த மனிதர்கள் உண்மையாகவே படிக்கும்படி செய்யவேண்டும் என்ற எண்ணம் அன்று தம்முள் விழுந்ததாகப் பின்னாளில் அவர் கூறினார்.

எண்ணம் செயலாக மாறியது ஒரு கோவில் வாசலில். 1784ஆம் ஆண்டு, பாரீசின் சேன் ஜெர்மேன் தெ ப்ரே ஆலய வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பிரான்சுவா லெசுயர் என்ற 17 வயது இளைஞரை ஹாய் சந்தித்தார். படிக்க வருகிறாயா என்று அவர் கேட்டதும், இளைஞருக்கு ஒரு கவலை. அவர் கொண்டுவரும் காசை நம்பி வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். வாசலைவிட்டு எழுந்துபோனால் அவர்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்வார்கள்? இதைக் கேட்டறிந்த ஹாய், பிச்சையில் கிடைக்கும் வருமானத்தை ஈடுசெய்யும் தொகையைத் தாமே தருவதாக ஏற்றுக்கொண்டார்.

அன்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். படிப்பு நல்லதுதான் என்று உபதேசம் செய்துவிட்டு ஹாய் போய்விடவில்லை. எழுந்து வருவதற்கு இவருக்குத் தடையாக இருப்பது என்ன என்று கேட்டார். அந்தத் தடையைத் தம் பணத்தால் நீக்கினார். தாளில் மேலெழும்பி நிற்கும் எழுத்துகளை விரலால் தடவி லெசுயர் படிக்கக் கற்றார். 1785ஆம் ஆண்டு, பார்வையற்ற இளையோருக்கான பள்ளி பாரீசில் பிறந்தது. அடுத்த ஆண்டு கிறிஸ்மஸ் காலத்தில், அதன் மாணவர்கள் வெர்சாய் அரண்மனையில் அரசர் முன் படித்துக் காட்டினார்கள். நூல் நூற்றல், பின்னல் வேலை, அச்சுவேலை ஆகியவையும் அங்கே கற்றுத்தரப்பட்டன.

இந்தப் பள்ளிக்கு 1819ஆம் ஆண்டு பிப்ரவரியில் 10 வயதுச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். பாரீசுக்குக் கிழக்கே கூவ்ரே என்ற கிராமத்தில், குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மகன். 3 வயதில் தந்தையின் பட்டறையில் தோலைத் துளைக்கும் கருவியை எடுத்து விளையாடும்போது அது ஒரு கண்ணில் குத்தியது. அந்தப் புண் மற்றக் கண்ணுக்கும் பரவி, இரு கண்களின் பார்வையும் போனது. அந்தச் சிறுவன் லூயி பிரெயில். ஊர்ப் பங்குத்தந்தை பல்லூயி அவனை உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தந்தார். ஊர்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு அவனும் அமர வழிசெய்தார். தந்தையும் தன் மகனைப் பட்டறையிலிருந்து ஒதுக்கவில்லை. தோல் வேலையைத் தொட்டுத் தொட்டுப் பழகவிட்டார். கண் போனபின் மகனை மூலையில் உட்காரவைக்காத ஒரு வீடும், மறுக்காத ஒரு பங்கும் இல்லையென்றால், நாம் இன்று பிரெயில் என்ற பெயரைக் கேட்டிருக்க முடியாது.

ஹாய் உருவாக்கிய புத்தகங்கள் பெரியவை, கனமானவை. விரலால் மெல்லப் படிக்கலாம், எழுத முடியாது. படைவீரர்கள் இருட்டில் செய்தி படிப்பதற்கு உதவும் என்று சார்ல்ஸ் பார்பியே என்ற அதிகாரி கொண்டுவந்த 12 புள்ளி முறையை லூயி எடுத்துக்கொண்டு, அதை 6 புள்ளிகளாகச் சுருக்கினார். ஒரு விரல்நுனிக்குள் ஒரு முழு எழுத்து அடங்கியது. 1824இல் அந்த முறைக்கு வடிவம் கொடுத்தபோது அவருக்கு வயது 15. 1829இல் அது நூலாக வெளிவந்தது. இப்போது பார்வையற்ற ஒருவர் தம் கணக்கைத் தாமே எழுதலாம். தம் கடிதத்தை வேறொருவர் கண்ணுக்குக் காட்டாமல் தாமே படிக்கலாம்.

கண்டுபிடிப்பாளர் என்றே நாம் அறிந்துள்ள லூயி பிரெயில், தம் உழைப்பில் வாழ்ந்த ஒரு தொழிலாளியும்கூட. அதே பள்ளியில் ஆசிரியராக ஊதியம் பெற்றார். பாரீசின் புனித நிக்கோலா ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். லெசுயர் ஒரு கோவிலின் வாசலில் கையேந்தி இருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப்பின், அதே நகரின் மற்றொரு கோவிலுக்குள் லூயியின் கைகள் திருவழிபாட்டை நடத்த உதவின. 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் தேதி, காசநோயால் அவர் இறந்தபின், அவருடைய உடைமைகளிடையே ஒரு சிறு பெட்டி இருந்தது. அதைத் திறக்காமல் எரித்துவிடச் சொல்லியிருந்தார். ஆவல் மிகுதியால் திறந்து பார்த்தவர்கள், அவரிடம் கடன் வாங்கிய மாணவர்களின் கைச்சீட்டுகளைக் கண்டதாக அவருடைய நண்பர் எழுதியுள்ளார். கொடுக்கும் இடத்தில் இருந்தவர் அவர்.

ஆனால், அவருடைய எழுத்துமுறையைப் பள்ளி ஏற்றுக்கொண்டது 1854இல்தான். நடுவில் ஓர் இயக்குநர் அதை விலக்கியும் வைத்தார். பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அந்தப் புள்ளிகள் புரியவில்லை; ஆகவே அது நல்லதல்ல என்று தோன்றியது. மாணவர்களோ ஒளித்து ஒளித்து அதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். யாருக்காகப் பள்ளி நடக்கிறதோ, அவர்களிடம் கேட்க மறந்துபோனது.

அதே பள்ளியின் மற்றொரு மாணவர் குளோத் மோந்தால். 1800இல் பிறந்தவர்; 5 வயதில் நோயால் பார்வை இழந்தவர். பள்ளிக்கு பியானோ சுருதி சேர்க்க வந்தவர் செய்வதைக் கவனித்து, நண்பர் ஒருவரோடு சேர்ந்து பியானோவைத் தாமே பிரித்துப் பார்த்தார். வந்தவர் புகார் செய்ய, பியானோவைத் தொடக்கூடாது என்று தடை வந்தது. இருவரும் பழைய பியானோ ஒன்றைத் தேடிப்பிடித்து, அக்கக்காகக் கழற்றி மீண்டும் சேர்த்துக் காட்டினார்கள். தடை நீங்கியது.

1830இல் மோந்தால் பள்ளியைவிட்டு வெளியே வந்து தொழில் தொடங்கினார். கதவுகள் திறக்கவில்லை. விலையுயர்ந்த பியானோவைப் பார்வையற்றவர் கையில் யார் கொடுப்பார்கள்? கடைசியில், இசைப் பேராசிரியர் ஒருவர், இரு வேறு வகைப் பியானோக்களை ஒரே சுருதியில் சேர்க்கும் கடினமான வேலையைக் கொடுத்துப் பார்த்தார். மோந்தால் அதைச் செம்மையாக முடித்தார். அதன்பின் வேலை தேடிவந்தது. 1836இல் பியானோ சுருதி சேர்ப்பது பற்றி நூல் எழுதினார். சொந்தப் பட்டறை வைத்து பியானோ தயாரித்தார். அவரைப் பின்பற்றி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைகள் பார்வையற்றோர் இந்தத் தொழிலால் குடும்பம் நடத்தினார்கள். மோந்தாலிடம் திறமை முதலிலிருந்தே இருந்தது. காத்திருந்தது, நம்பி ஒரு வேலையைக் கொடுக்கும் ஒருவருக்காக.

வேலை மட்டும் போதுமா? அந்த வேலைக்குப் போய்ச் சேரவேண்டாமா? இரண்டாம் உலகப்போரில் பார்வை இழந்த வீரர்களிடையே பணியாற்றிய அமெரிக்க அருள்பணியாளர் தாமஸ் கரோல் இதையே கேட்டார். நடமாட்டம், அன்றாட வேலைகளைத் தானே செய்தல், எழுத்துத் தொடர்பு, தொழில், பொருளாதாரப் பாதுகாப்பு என்று, பார்வையோடு சேர்த்து மனிதர் இழப்பவற்றை 20 இழப்புகளாகப் பிரித்து 1961இல் நூலாக எழுதினார். ஒவ்வொன்றையும் பயிற்சியால் மீட்கலாம் என்பது அவர் நம்பிக்கை. பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில் 1954இல் புனித பவுல் பெயரால் அவர் தொடங்கிய மையத்தில், நீண்ட வெள்ளைக் கோலோடு தெருவைக் கடக்கவும், சமைக்கவும், தட்டச்சு செய்யவும் பெரியவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

நம் மண்ணிலும் இந்த வரலாற்றுக்குத் தொடர்ச்சி உண்டு. பாளையங்கோட்டையில் 1890இல் ஆங்கிலேய மறைப்பணியாளர் பெண்மணி ஒருவர் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் வந்தது. தமிழும் அந்த ஆறு புள்ளிகளுக்குள் அமர்ந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 2016ஆம் ஆண்டுச் சட்டமும் பார்வையற்றோருக்கும் பார்வைக் குறைவுடையோருக்கும் அரசுப் பணிகளில் 1 விழுக்காட்டு இடத்தை ஒதுக்கின. சென்னை லிட்டில் பிளவர் கான்வென்ட்டின் பார்வையற்றோர் பள்ளியிலும், ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியிலும் படித்த பெனோ செபைன், வங்கி அதிகாரியாக இருந்து, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுமையாகப் பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் முறை. 2025 மார்ச்சில், பார்வையின்மையைக் காரணம் காட்டி எவரையும் நீதிபதிப் பணியிலிருந்து விலக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வரும்படி சொல்லவேண்டியவர்கள் நாம். நம் பங்கில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் இருந்தால், அவருக்கு நாம் என்ன செய்கிறோம்? கிறிஸ்மசுக்குப் புத்தாடை தருகிறோம். நல்லது. நம் கடையில், பள்ளியில், அலுவலகத்தில் ஓரிடம் காலியானால், அவர் பெயர் நம் நினைவுக்கு வருகிறதா? திருப்பலியில் முதல் வாசகத்தைப் பிரெயிலில் வாசிக்க அவரை அழைத்திருக்கிறோமா? பார்வை மங்கிய நம் பாட்டிமார்களுக்காகப் பாடல் தாளைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோமா? தெருவைக் கடக்க நிற்பவரின் கையைப் பிடித்து இழுக்கும் முன், உதவி வேண்டுமா என்று கேட்டு, நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள நீட்டுகிறோமா?

அடுத்த ஞாயிறு கோவிலிலிருந்து வெளியே வரும்போது, வாசலில் அமர்ந்திருப்பவரைக் காண்போம். காசு போடவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அவருக்கும் அன்று பசிக்கும். ஆனால், காசை இட்டபின் ஒரு நிமிடம் நிற்போம். அவர் பெயரைக் கேட்போம். நாம் அவருக்கு என்ன செய்யவேண்டும் என்று அவரிடமே கேட்போம். அவர் சொல்லும் பதில் நாம் எதிர்பாராததாக இருக்கலாம். நம் நேரத்தையும் பணத்தையும் கேட்பதாகவும் இருக்கலாம். ஹாய் அதற்கு அஞ்சவில்லை. நாமும் அஞ்சாதிருக்க, எரிகோ சாலையில் நின்ற இறைமகன் நமக்குத் துணைபுரிய மன்றாடுவோம்.