வாசிக்கும் கண்ணும் உள்ளத்தின் சுமையும்

பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைஸம், ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் வாசிப்பைக் குறித்தும் சிந்தித்துள்ளார். எழுத்தறிந்தவர் ‘அப்ஜத்’ என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக ஆராய்வதில்லை. வடிவைக் கண்டதுமே அறிந்துகொள்கிறார். பழகாத சொல்லாயின் ஒவ்வோர் எழுத்தையும் நோக்கியே தீரவேண்டும். காயிதா ஓதும் சிறுவனிடம் நாம் நாள்தோறும் காண்பதும் இதுவன்றோ!

இதனை அளக்கும் முயற்சி 1870-களின் இறுதியில் பாரிஸில் தொடங்கியது. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில், வாசிக்கும் கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதில்லை, தாவித்தாவி நின்று செல்கிறது என்பது தெரியவந்தது. (அந்த ஜவாலே முதுமையில் பார்வையிழந்தார்.) அமெரிக்கரான எட்மண்ட் ஹியூயி, விழியின்மீதே சிறு கிண்ணம் பொருத்தி அசைவைப் பதிந்தார். 1901-இல் டாட்ஜும் கிளைனும் ஒளிப்படத்தால் அதையே துன்பமின்றிச் செய்தனர். கண் ஓரிடத்தில் நிற்பது ஏறத்தாழ கால் வினாடி. கடினமான சொல்லில் அது நீளும், பின்னோக்கியும் திரும்பும். ஆகவே தயங்கும் மாணவனைக் ‘கவனமற்றவன்’ என ஏசுதல் பெரும்பாலும் அநீதியாகும்.

1966-இல் கானமனும் பீட்டியும் வேறொன்றைக் காட்டினர். எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு மனத்தில் இருத்தும்போது கண்பாவை விரிகிறது. அவற்றைத் திருப்பிச் சொல்லச்சொல்லச் சுருங்குகிறது. நினைவின் கொள்ளளவு சிறிது, அதை மிஞ்சிக் கற்பித்தால் கல்வி தடைப்படும் என்னும் கொள்கையை 1988-இல் ஜான் ஸ்வெல்லர் வகுத்தார். இன்றைய ஆய்வாளர்கள் அகச்சிவப்புக் கேமராவால் இவ்விரண்டையும் இணைத்து அளக்கின்றனர். எனினும் பாவை அச்சத்தாலும் விரியும்; வெளிச்சம் குன்றினாலும் விரியும். பிரம்பேந்திய உஸ்தாதின் முன் விரிந்த பாவை பாடத்தின் சுமையைச் சொல்கிறதா, பிரம்பையா என்று கருவி பிரித்துரைக்காது.

பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதை நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு கூறுகிறது. அங்கும் ஆசிரியர்கள் மாணவர் முகம் பார்த்தே சுமையை அறிந்திருப்பர்.

நம் பிள்ளைகளுக்கு மற்றொரு பாரமும் உண்டு. ஹீப்ரு, ஆங்கிலம் இரண்டும் வாசிப்போரை ஆராய்ந்த 1981-ஆம் ஆண்டு ஆய்வு, ஆங்கிலத்தில் வலப்புறம் நீளும் பார்வை வீச்சு ஹீப்ருவில் இடப்புறம் மாறுவதைக் கண்டது. காலையில் வலமிருந்து இடமாகக் குர்ஆனையும், பின்னர் பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழையும் ஓதும் ஏழு வயதுச் சிறுவன், ஒரே நாளில் இரு திசைகளுக்கும் தன் கண்ணைப் பழக்குகிறான்.