டார்பி மரச்சோலையின் மறுவாழ்வு

தருமஞ் செய்தல் அரிது. செய்த தருமத்தைப் பேணிக் காத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குவது இங்கிலாந்து தேசத்து டார்பி நகர மரச்சோலையின் வரலாறு. எமது சங்கத்து இளைஞர்கள் இதனை அறிதல் நன்றெனக் கருதி ஈண்டுச் சுருக்கமாகக் கூறுகின்றோம்.

டார்பி, ஆலைத் தொழிலால் வளர்ந்த நகரம். அங்கு பெருகிய தொழிலாள மக்களுக்குக் காற்று வாங்கி உலாவப் பொதுவிடம் அருகியிருந்தது. பஞ்சாலை அதிபரும் முன்னாள் நகர முதல்வருமாகிய ஜோசப் ஸ்ட்ரட் என்பார் 11 ஏக்கர் நிலத்தைச் சோலையாக்கி நகரத்தாருக்கு நன்கொடையாக வழங்கினார். 1840ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆந் திகதி அது திறந்துவைக்கப்பட்டது. விழா மூன்று நாட்கள் நடைபெற்றது.

சோலையை வகுத்தவர் ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜோன் லௌடன். பிரித்தானிய மண்ணில் வளரும் மரஞ்செடிகளைப் பற்றி எட்டுப் பாகங்கொண்ட பெருநூலை 1838இல் நிறைவுசெய்த அறிஞர் அவர். உல்லாசத்தோடு கல்வியும் மக்களுக்குக் கிட்டவேண்டுமென்பது அவரது நோக்கம். ஆதலால் ஏறத்தாழ 1000 வகை மரஞ்செடிகளை நட்டு அவற்றுக்குப் பெயர்ப்பலகைகளும் வைத்தார். நிலமோ சிறியது, சமதரை. எனவே நடைபாதைகளின் ஓரமாக மண்மேடுகளை எழுப்பினார். ஒரு பாதையிற் செல்வோர் மறுபாதையிற் செல்வோரைக் காணார். சிறிய சோலையும் பெரிதாகத் தோன்றும்.

ஆயினும் பராமரிப்புக்கென வள்ளல் மூலதனம் எதனையும் வைத்தாரல்லர். வாரத்தில் இரு நாட்கள் யாவருக்கும் இலவசம்; ஏனைய நாட்களில் வாங்கும் கட்டணமே சோலையைக் காக்கவேண்டுமென்பது ஏற்பாடு. 1882 முதலே எல்லா நாட்களிலும் வாயில் இலவசமாகத் திறந்தது.

இதற்கிடையே தொழிற்சாலைப் புகை நகரைச் சூழ்ந்தது. லௌடன் நட்ட மரங்களுட் பல அந்நச்சுக் காற்றைத் தாங்காது பட்டுப்போயின. 1941இல் ஜெர்மானியர் வீசிய குண்டினால் வாத்திய மேடை அழிந்தது. மக்கள் விரும்பிப் பார்த்த காட்டுப்பன்றிச் சிலையும் தலையிழந்தது. பின்னர் நெடுங்காலம் சோலை சீர்குலைந்து கிடந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் மறுவாழ்வு பிறந்தது. லொத்தர் வருமானத்திலிருந்து மரபுரிமைப் பணிகளுக்கென ஒதுக்கப்படும் நிதியின் உதவியோடு சோலை புதுப்பிக்கப்பட்டது. 2005இல் வெண்கலத்தாற் செய்த புதிய பன்றிச் சிலை அங்கே நிறுவப்பட்டது.

இங்கே நாம் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. உடைந்த சிலையைப் பணங்கொண்டு ஓராண்டில் மீண்டும் வார்க்கலாம். பட்ட மரத்தையோ எத்தனை பணங்கொடுத்தும் ஓராண்டில் வளர்த்தெடுக்க முடியாது. புதுக்கன்று முதிர்ந்து நிழல் தர ஒரு தலைமுறை வேண்டும். அதுவரை நீரூற்றிக் காக்கும் கைகளும் வேண்டும். பெயர்ப்பலகை வீழ்ந்தால், மரம் நின்றாலும் அதனைப் பற்றிய அறிவு மறைந்துவிடும். ஆகவே சோலையைப் புதுப்பித்தலென்பது ஒருமுறை செய்து முடிக்கும் திருப்பணியன்று. நாள்தோறும் செய்யவேண்டிய தொண்டு.

மரம் நடுதலை அறமென்று போற்றுபவர் நாம். நடுவிழாவுக்கு மாலையோடு வருபவர் பலர். மறுநாட் காலையில் நீர்க்குடத்தோடு வருபவர் சிலரே. அச்சிலருள் எமது இளைஞர்களும் ஒருவராக விளங்குவார்களாக!